இரண்டாவது கண்

வானத்திலிருந்து எடுத்த ஒரு படத்துக்குப் பெரியவர் வைத்திருந்த விலை சைபர்.

பேரத்துக்கு இடமே கொடுக்காத விலை. ஐந்து பத்து குறைத்துக் கேட்க முடியாது. ஏற்றிச் சொல்லி ஏமாற்றவும் முடியாது. ஒரு ஊர் தண்ணீரிலோ தீயிலோ மாட்டிக்கொண்டால், பதினான்கு நாடுகள் சேர்ந்த கூட்டமைப்பின் செயற்கைக்கோள்கள் எல்லாம் அந்தப் பக்கம் பார்வையைத் திருப்பும். கேட்டவன் கைக்கு அன்றைக்கே படம் போகும். கேட்டது கொழுத்த நாடா, கோவணத்துக்கு வழியில்லாத நாடா என்று பார்ப்பதில்லை.

வியாபாரம் தெரிந்தவனுக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம் தட்டும். சும்மா கிடைக்கிற சரக்குக்கும் யாரோ எங்கேயோ அழுதுகொண்டுதான் இருப்பார்கள். இத்தனை வருஷமாக அழுதவை நான்கு பெரிய நாடுகள். செயற்கைக்கோள் அவர்களுடையது, செலவும் அவர்களுடையது. அவர்களைக் கெஞ்சி, கொஞ்சி, மிரட்டி, விருந்து மேஜையில் நாலு பேருக்கு நடுவில் மானத்தை வாங்கி, கொடுக்க வைத்துக்கொண்டிருந்தவர் பெரியவர், கூட்டமைப்பின் தலைவர்.

அவர்தான் போன வாரம் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே பாதி வாக்கியத்தில் சரிந்து விழுந்தார். மீதி வாக்கியம் என்ன என்று இதுவரை யாருக்கும் தெரியாது. உயிருக்கு ஆபத்து இல்லை, பேச்சுக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

ஆகவே நாற்காலி காலி. இன்று ஓட்டு.

போட்டியில் இரண்டு பேர். ஒருத்தி பெரியவரின் மகள். ஆபத்துக் காலத்தில் வரும் படங்களைப் படித்து வரைபடமாக்கும் அறைக்கு அவள்தான் பொறுப்பு. கட்டடம் முழுக்க அவளைக் கூப்பிடுவது 'படக்காரி' என்று. இன்னொருவர் பெரியவரின் கூடப்பிறந்த தம்பி. அண்ணனோடு முறைத்துக்கொண்டு போய், பெரிய நாடு ஒன்றின் குடிமகனாகி, அந்த நாட்டுப் பிரதிநிதியாகவே திரும்பி வந்து அண்ணனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர். படக்காரிக்குச் சித்தப்பா.

ஒரே வீட்டில் இரண்டு வேட்பாளர்களா என்று கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்கள் யாரும் போட்டிக்கு வரவில்லை. அந்த நாற்காலியில் வசவு உண்டு, சம்பளம் கிடையாது.

*

காலையில் படக்காரி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, சித்தப்பா அவளுக்கு முந்திக்கொண்டு அங்கே இருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அண்ணனுக்கு முகச்சவரம் செய்துகொண்டிருந்தார்.

வேட்புமனு கொடுத்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அவள் வாசலிலேயே நின்றாள்.

"வா. நிக்காதே, வெளிச்சம் மறைக்குது" என்றார் திரும்பாமல்.

"நர்ஸ் பண்ண மாட்டாங்களா?"

"பண்ணுவாங்க, காய் தோல் சீவற மாதிரி. இவரு தாடியோட இருந்து நான் பார்த்ததே இல்லம்மா. அப்பா செத்த அன்னிக்குக்கூட ஷேவ் பண்ணிட்டுத்தான் அழுதாரு."

பெரியவரின் கண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. வாயின் வலது ஓரம் கீழே தொங்கியது. சித்தப்பா அதை இரண்டு விரலால் மெதுவாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தியை இழுத்தார்.

"சித்தப்பா, இன்னும் நேரம் இருக்கு. விலகிக்கோங்களேன்."

"அதையே நான் உன்கிட்ட கேக்கலாம்னு இருந்தேன். நீ முந்திக்கிட்ட."

"நீங்க உட்கார்ந்தா, காசு கட்டாத நாட்டுக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் படம். ரெண்டு நாள் கழிச்சு அவன் அதை வெச்சுக்கிட்டு யாரைத் தேடுவான்? பொணத்தையா?"

"நீ உட்கார்ந்தா அந்த நாலு பேரும் சாட்டிலைட்டைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் ரெண்டு நாள் கழிச்சும் கிடையாது, ரெண்டு வருஷம் கழிச்சும் கிடையாது. ஏற்கெனவே ரெண்டு சாட்டிலைட் வயசாகிக் கண்ணை மூடிடுச்சு. புதுசு எதை வெச்சு ஏவுவ? உங்கப்பா கோபத்தை வெச்சா?"

"அப்பா இருந்த வரைக்கும் யாரும் போகலையே."

"போகல. உங்கப்பாவுக்குப் பயந்துக்கிட்டு. உனக்கு யார் பயப்படுவா? நானே பயப்படல."

அவள் கட்டில் பக்கத்தில் குனிந்தாள். "அப்பா. நீங்களே சொல்லுங்க. யாரு?"

பெரியவரின் இடது கை மெல்ல எழுந்தது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கை தாடைக்குப் போனது. சவரம் ஒழுங்காக விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கியது.

சித்தப்பா சிரித்துவிட்டார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அவளுடைய போன் அடித்து அதை நிறுத்தியது.

அணை உடைந்துவிட்டது.

*

உடைந்தது சின்ன நாடு ஒன்றில். கூட்டமைப்புக்கு ஒரு காசு கட்டாத நாடு. அதன் பிரதிநிதியை எல்லோரும் 'ஆற்றுக்காரர்' என்பார்கள். எந்தக் கூட்டத்தில் எதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலும் தன் ஊர் ஆற்றில் கொண்டுவந்து முடிப்பார், அதனால் வந்த பெயர். ஓட்டுப் போட வந்தவர், மண்டபத்துக்குப் போகாமல் படக்காரியின் அறை வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, ராணுவம் படகையெல்லாம் லாரியில ஏத்தி மலையடியில முச்சந்தியில நிக்குது. வடக்க போனா ஆத்தோரமா பெரிய ஊர். தெக்க போனா சமவெளி, இருபது முப்பது குடிசைக் கிராமம். போன் கோபுரம் எல்லாம் விழுந்துடுச்சு. மேகம் கவிஞ்சு கிடக்கு, ஹெலிகாப்டர் எழும்பல. தண்ணி எந்தப் பக்கம் போச்சுன்னு அங்க எவனுக்கும் தெரியல. நீங்க சொல்லுங்க. வடக்கா, தெக்கா?"

"படம் இறங்கிட்டிருக்கு. உட்காருங்க."

"உட்கார முடியலம்மா."

மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் படம். திரையில் கறுப்பும் சாம்பலும் வெள்ளையுமாக வரி வரியாக இறங்கியது. படிக்கத் தெரியாதவனுக்கு அது ஈரத்துணி. தெரிந்தவனுக்கு ஊர்.

இந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. பெரியவர் போட்டது. எந்த வரைபடமும் இரண்டு பேர் ஒப்புதல் இல்லாமல் வெளியே போகாது. முதல் கண் புதுப் படத்தை மட்டும் பார்க்கும். இரண்டாவது கண், வெள்ளத்துக்கு முன்னால் எடுத்த பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கும். இரண்டு கண்ணும் வேறு வேறு நாட்டு ஆளுடையதாக இருக்க வேண்டும். ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் நம்பிவிடுவார்கள் என்பது பெரியவரின் பயம். ஒப்புதலான வரைபடம் இல்லாமல் எந்த நாட்டு ராணுவமும் ஒரு படகைக்கூட நகர்த்தக் கூடாது என்றும் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்.

அன்றைய முறையில் இரண்டாவது கண், படக்காரியின் புருஷன்.

அவன் வேறு நாட்டுக்காரன். இந்த அறையில் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து படம் படித்துத்தான் இருவரும் கல்யாணம் வரைக்கும் வந்தார்கள். ரேடார் படம் படிக்கத்தான் அவனும் வந்தான். வாய்ச் சாமர்த்தியத்தால் அவனுக்கு 'வக்கீல்' என்று பேர் விழுந்தது. பேருக்கு ஏற்ற மாதிரி கொஞ்ச நாளாக நாற்காலியில் உட்காருவது குறைந்து, நடைபாதையில் நின்று பேசுவது கூடியிருந்தது. இப்போதும் மண்டபத்து நடைபாதையில் மனைவிக்காக ஓட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தான். மாமனார் கிட்டத்தட்டப் போயாகிவிட்டது. மனைவியாவது தலைவராகிவிட்டால், நடைபாதையில் அவன் நின்று பேசுவதற்கு ஒரு மதிப்பு.

படக்காரி திரையை விழுங்குகிற மாதிரிப் பார்த்தாள். தெற்கே ஒரு பெரிய கறுப்புத் திட்டு. வழுவழுப்பான, அலையில்லாத கறுப்பு. விரிந்து கிடக்கும் தண்ணீர் ரேடாருக்கு அப்படித்தான் தெரியும். வடக்கே ஊர் இருந்த இடத்தில் கறுப்பே இல்லை. பளிச்சென்று வெள்ளையாக நின்றது.

போன் போட்டாள். "எங்க இருக்கீங்க? படம் வந்துடுச்சு. வாங்க."

"ரெண்டு பேரை வளைச்சு வெச்சிருக்கேன். இப்ப விட்டா சித்தப்பா ஆளுங்க கொத்திக்கிட்டுப் போயிடுவாங்க." குரலைத் தாழ்த்தினான். "நீ பார்த்துட்டியா?"

"பார்த்துட்டேன். தெக்க. சமவெளி முழுக்க."

"அப்புறம் என்ன. என் ஒப்புதல் எண் உனக்குத் தெரியுமே, போட்டு அனுப்பு."

"பழைய படம் பார்க்கணும். அது உங்க வேலை."

"நீ பார்த்தா நான் பார்த்த மாதிரிதான். எத்தனை வருஷமாப் படிக்கிற! அனுப்பும்மா, அங்க ஜனங்க தண்ணில நிக்குது."

கடைசி வாக்கியம் உண்மை. அதனால்தான் அது வேலை செய்தது.

வாசலில் ஆற்றுக்காரர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். படக்காரி தன் எண்ணை அடித்தாள். பிறகு புருஷனின் எண்ணையும் அவளே அடித்தாள்.

வரைபடம் போனது. படகுகள் தெற்கே போயின.

*

மண்டபத்தில் ஓட்டுக்கு முந்தைய பேச்சுகள் ஆரம்பமாகியிருந்தன. ஆற்றுக்காரர் எழுந்து நின்று, இந்தத் தடவை தன் ஊர் ஆற்றில் ஆரம்பித்து படக்காரியில் முடித்தார்.

"படம் கேட்ட வாய் மூடறதுக்குள்ள வரைபடம் கையில குடுத்தாங்க. நாங்க ஒரு காசு கட்டினதில்ல. அதை யாரும் எங்களுக்குச் சொல்லிக் காட்டல. என் ஓட்டு யாருக்குன்னு நான் சொல்லணுமா?"

கைதட்டல். அவர் இறங்கி வந்து அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வக்கீல் பின்வரிசையிலிருந்து நழுவி வந்து மனைவியின் காதில் சொன்னான். "எட்டு நமக்கு. ஆறு சித்தப்பாவுக்கு. காலைல ஆறுக்கு ஏழு, ஒண்ணு நடுவுலன்னு இழுத்துக்கிட்டு இருந்தது, உன் வரைபடம் போட்ட போடுல ரெண்டு பேர் இந்தப் பக்கம் சாய்ஞ்சுட்டாங்க."

"பேசாம இருங்க. அங்க என்ன நிலைமைன்னு இன்னும் தகவல் வரல."

"தகவல் வரும். நீ ஒண்ணு பண்ணு. வெள்ளத்துக்கு முன்னாடி, வெள்ளத்துக்குப் பின்னாடின்னு ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பெரிய திரையில போடு. உன் முறை வரும்போது வாயைத் திறக்கவே வேண்டாம். அதைக் காட்டிட்டு உட்காரு. சந்தேகத்துல இருக்கறவனும் விழுந்துடுவான்."

புடவைக் கடையில் கடைசியாக ஒரு சேலையை உதறி விரிப்பார்களே, அந்த மாதிரி. அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் சரியென்றுதான் பட்டது. அறைக்குத் திரும்பிப் போனாள்.

பழைய படத்தைத் திறந்து புதுப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

முதலில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. தெற்கே கறுப்புத் திட்டு. பழைய படத்திலும் தெற்கே கறுப்புத் திட்டு. தப்பாக ஒரே படத்தை இரண்டு தடவை திறந்துவிட்டோமோ என்று தேதியைப் பார்த்தாள். தேதி சரி. இரண்டும் வேறு வேறு படம்தான்.

திட்டு மட்டும் ஒன்று.

அது தண்ணீர் இல்லை. மணல். காற்று தேய்த்து வழவழப்பாக்கிய வெறும் மணல்வெளி. மணலும் ரேடாருக்கு அப்படித்தான் கறுப்பாகத் தெரியும். வருஷக்கணக்காக அங்கேதான் கிடந்திருக்கிறது.

அவள் கண் வடக்கே போக மறுத்தது. வலுக்கட்டாயமாகத் திருப்பினாள்.

பழைய படத்தில் ஊர் சாம்பல் நிறம். புதுப் படத்தில் வெள்ளை. வெறும் வெள்ளையும் இல்லை, கண்ணைக் கூசும் வெள்ளை. தண்ணீர் வெட்டவெளியில் கிடந்தால் கறுப்பு. வீடுகளுக்கு நடுவில் புகுந்து நின்றால், தண்ணீரில் பட்ட ரேடார் அலை சுவரில் மோதி நேராகத் திரும்பி வந்து வெள்ளையாக அடிக்கும். இந்த அறைக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரத்தில் அவள் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது.

ஊர் முழுக்க வெள்ளை. தெருத் தெருவாக.

*

புருஷனை மாடிப்படியில் பிடித்தாள். மூச்சு இரைக்கச் சொன்னாள். அவன் முகத்தில் இருந்த ரத்தம் இறங்குவதைப் பார்த்தாள். ஒரு நொடி, அவன் தன் பக்கம்தான் என்று நினைத்தாள்.

"திருத்தம் தயார் பண்ணிட்டேன். உங்க ஒப்புதல் வேணும். இந்தத் தடவை நீங்களே பார்த்துட்டுப் போடுங்க, ரெண்டு நிமிஷம்."

அவன் படிக்கட்டின் மேலேயும் கீழேயும் பார்த்தான். "ஓட்டு முடியட்டும்."

"என்னது?"

"அரை மணி நேரம். அதுக்கு மேல ஆகாது. ஓட்டு முடிஞ்ச அடுத்த நிமிஷம் போட்டுடறேன்."

"அங்க ஊரே தண்ணிக்குள்ள நிக்குதுங்க!"

"கத்தாதே. யோசி. இப்ப திருத்தம் போனா அந்த எட்டும் சிதறிடும். சித்தப்பா உட்காருவாரு. உட்கார்ந்தா இனிமே ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ரெண்டு நாள் தாமதம். நீ ஒரு ஊருக்காக வரப்போற எல்லா ஊரையும் விக்கிற."

"நான் ஆத்துக்காரர்கிட்ட நேர்ல போய்ச் சொல்றேன்."

"சொல்லு. வாயால சொன்னா படகு திரும்புமா? ஒப்புதலான வரைபடம் இல்லாம படகு நகராதுன்னு உங்கப்பாதானே எழுதி வெச்சாரு? படகும் திரும்பாது, ஓட்டும் போயிடும். நல்ல வியாபாரம்."

சும்மா அவனைப் பார்த்தாள். அவள் மனதில் ஓடுவது என்ன என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவன் இல்லையா. போனை எடுத்தான். அவள் கண்ணெதிரிலேயே தன் ஒப்புதல் எண்ணை மாற்றினான்.

"உன் நல்லதுக்குத்தான்" என்றான்.

இரவு முறைக்காரர்கள் அவரவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்பி வரவழைப்பதற்குள் ஓட்டே முடிந்துவிடும். மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் ராஜதந்திரிகள், ரேடார் படத்தை நேராகப் பிடிக்கத் தெரியாதவர்கள். வேறு நாட்டு ஆள், படம் படிக்கும் உரிமையை வருஷா வருஷம் புதுப்பித்துக் கையில் வைத்திருக்கும் ஆள், அந்தக் கட்டடத்தில் இன்னும் ஒருவர்தான் பாக்கி.

படக்காரி மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனாள். பதினான்கு நாடும் பார்க்க, நடுவழியாக நடந்து போய்ச் சித்தப்பாவின் மேஜைமேல் அதைத் திறந்து வைத்தாள்.

"இரண்டாவது கண் வேணும் சித்தப்பா."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பழைய படம். புதுப் படம். மணல்வெளி. ஊர். நிதானமாக, ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார்.

"சீக்கிரம் சித்தப்பா."

"சீக்கிரத்தைத்தான் காலையிலேயே பார்த்தாச்சே." திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வடக்கு ஓரத்துல, ஆத்துக்கு எதிர்க்கரையிலயும் வெள்ளையா இருக்கு பாரு. அதை நீ குறிக்கல."

அவள் பார்த்தாள். ஆமாம். குறித்தாள்.

"தலைப்புல என்ன போட்டிருக்க? 'புதுப்பிக்கப்பட்ட வரைபடம்'. அது வேண்டாம். புதுப்பிச்சதுன்னு பார்த்தா படகுக்காரன் டீ குடிச்சுட்டு வந்து திறப்பான். 'திருத்தம். முதல் வரைபடம் தவறு. தெற்கில் வெள்ளம் இல்லை.' இப்படிப் போடு. அப்பத்தான் லாரி திரும்பும்."

அவர் சொன்னது முழுக்க நியாயம். அந்த நியாயத்தில் அவருக்கு எவ்வளவு லாபம் என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும். உண்மையையே உண்மையான விலைக்கு விற்று அதிலும் லாபம் பார்க்கிறவனை என்ன சொல்லித் திட்டுவது? அவள் அவர் சொன்னபடியே எழுதினாள்.

சித்தப்பா ஒப்புதல் எண்ணை அடித்தார்.

கூட்டமைப்பின் வழக்கப்படி, எந்த வரைபடம் வெளியானாலும் மண்டபத்துப் பெரிய திரையில் உடனே விழும். விழுந்தது. 'முதல் வரைபடம் தவறு' என்ற எழுத்து, பின்வரிசைக்காரனும் கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவில்.

ஆற்றுக்காரர் எழுந்து நின்றார்.

"அம்மா... வடக்கயா?"

"வடக்கங்க. தப்பு என்னுதுதான்."

அவர் ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்கும். "என் தங்கச்சி வடக்க இருக்கா" என்று மட்டும் சொன்னார், விலாசம் சொல்கிற மாதிரி. போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். அவர் நாற்காலி காலியாகவே கிடந்தது.

*

ஓட்டு நடந்தது. சித்தப்பாவுக்கு ஏழு. படக்காரிக்கு ஆறு.

ஆற்றுக்காரரின் ஓட்டு யாருக்கும் விழவில்லை. காலையில் சாய்ந்த இரண்டு பேரில் ஒருவர் நிமிர்ந்து சித்தப்பா பக்கம் போய்விட்டார். இன்னொருவர் என்ன காரணத்தாலோ படக்காரியிடமே இருந்தார். அவருக்கு ரோஷம் போலிருக்கிறது.

சித்தப்பா அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் தவித்தார். பிறகு மேஜைமேல் வைத்துக்கொண்டார்.

"முதல் வேலை" என்றார். "காலை வரைபடத்தைப் பத்தி விசாரணை. நாளைக்கே. முதல் கண் யாருன்னு எல்லாருக்கும் தெரியும். பழைய படத்தைப் பார்த்த இரண்டாவது கண் யாரு, அவர் என்ன பார்த்தார்னு எனக்குத் தெரியணும். அது வரைக்கும் படம் படிக்கிற அறையை அந்தப் பொண்ணே பார்த்துக்கட்டும். அவளைவிட்டா ஆள் இல்ல."

"ரெண்டு நாள் தாமதம்?" என்று பெரிய நாட்டுக்காரர் ஒருவர் அவசரப்பட்டார். முன்பணம் கொடுத்தவன் சரக்குக்கு வந்து நிற்கிற அவசரம்.

சித்தப்பா அவரைப் பார்த்த பார்வையில் ஒரு நொடி பெரியவர் தெரிந்தார். ஒரு நொடிதான்.

"அடுத்த மாசத்திலிருந்து" என்றார்.

படக்காரி வெளியே வந்தபோது வக்கீல் லிஃப்ட் வாசலில் நின்றான். கோபமாக இருப்பான் என்று நினைத்தாள். கோபம் இல்லை. ரொம்ப மரியாதையாக இருந்தான். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"நாளைக்கு விசாரணையில கேப்பாங்க" என்றான்.

"கேக்கட்டும். நடந்ததைச் சொல்றேன். நீங்களும் சொல்லுங்க."

"நடந்தது என்ன? காலைல நான் அந்த அறைக்குள்ளயே வரல. நான் நடைபாதையில நின்னதைப் பத்துப் பேர் பார்த்திருக்காங்க. என் எண்ணை அடிச்சது உன் விரல்."

"போன்ல நீங்கதானே போடச் சொன்னீங்க!"

"யார் காதுல விழுந்துச்சு?"

லிஃப்ட் வந்தது. அவன் உள்ளே போனான். அவள் ஏறவில்லை. கதவு மூடுகிற வரை அவன் அவளைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தான். கண்ணில் கொஞ்சம் கண்ணீர்கூட இருந்தது. வேண்டியவரைக் கைவிடும்போது அவனுக்குக் கண்ணீர் வரும். அதை அவள் இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறாள்.

அறைக்கு வந்தாள். விளக்கைப் போடாமல் திரையின் வெளிச்சத்திலேயே உட்கார்ந்தாள். அப்பாவைப் போய்ப் பார்க்க வேண்டும். முடிவைச் சொல்ல வேண்டும். சொன்னால் கேட்டுக்கொள்வார், ஒன்றும் சொல்ல முடியாது. அவளுக்கு இப்போது வேண்டியிருந்தது அவர் பாதி வாக்கியத்தில் விட்டுப்போன அந்த மீதிகூட இல்லை. ஒரு அதட்டல் போதும்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஆற்றுக்காரர் போன் செய்தார். பின்னால் மோட்டார்ப் படகுச் சத்தமும், ஆட்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடும் சத்தமும் யாரோ ஒருவருடைய போன் வழியாக அவருடைய போனுக்கு வந்து, அதிலிருந்து இவளுக்குக் கேட்டன.

"படகு போய்ச் சேர்ந்துடுச்சும்மா. உங்க திருத்தம் கிடைச்ச உடனே திரும்பிட்டாங்க. தெக்க மணல்ல பாதி லாரி புதைஞ்சு போச்சு, அதை இழுத்து எடுக்கத்தான் நேரமாச்சு."

"உங்க தங்கச்சி?"

"கிடைச்சுட்டா. கூரைமேல இருந்திருக்கா. கூரை நின்ன தெருவெல்லாம் தப்பிச்சுது."

அவளால் மேலே கேட்க முடியவில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"கணக்கு சொல்லுங்க."

"வேண்டாம்மா. நாளைக்குச் சொல்றேன்."

"இப்பச் சொல்லுங்க. நான் எழுதிக்கணும்."

அவர் சொன்னார். அவள் மேஜையிலிருந்த காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதினாள்.

ஆற்றோரத்து ஏழு தெருவிலும் இருந்தவர்கள் அறுநூற்றுப் பத்து. விடிகாலையிலேயே சத்தம் கேட்டு மேட்டுக்கு ஓடியவர்கள் இருநூற்று நாற்பது. கூரையிலிருந்தும் மரத்திலிருந்தும் படகில் இறக்கியது முன்னூற்று இருபத்தொன்பது.

கூட்டினாள். ஐந்நூற்று அறுபத்தொன்பது.

கழித்தாள்.

"நாற்பத்தொண்ணா?" என்றாள்.

"ஆமாம்மா. நானும் ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன். நாற்பத்தொண்ணு பாக்கி."